கையைப் பின்னால் கட்டியவள்

விழப்போகிற வயதானவரைக் கண்டால் நம் கை தானாக நீண்டுவிடும். அவளுக்கு நீளாது. இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓர் எட்டுத் தள்ளி நின்று, “பாத்து... அவசரமில்ல... நீங்களே” என்பாள். அந்த ‘நீங்களே’ காதில் விழுந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் அவளை டீச்சர் என்றார்கள். எந்தப் பள்ளியிலும் அவள் பாடம் நடத்தியவள் இல்லை. ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கும் பிரிவில் உதவியாளராக இருந்து, பாதியில் வேலையை விட்டவள். வாரத்துக்கு இரண்டு நாள் சபாக்கிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் காரில் வந்து, வயதானவர்களுக்கு விழாமல் நடக்கச் சொல்லிக்கொடுப்பாள். என் அப்பா மட்டும் அவளை வேறு மாதிரி கூப்பிட்டார். அது பிறகு. அதைச் சொல்வதற்கு முன் நான் ஒரு மடக்குத் தண்ணீராவது குடிக்க வேண்டும்.

என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். கறுப்புக் கால்சட்டை, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை, வெள்ளைச் சப்பாத்து. கூந்தலைச் சுருட்டி ஒரே ஒரு கவ்வியில் அடக்கியிருப்பாள். அழகி என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கப்போவதில்லை.

முதன்முதலில் அவளைப் பார்த்தது தாமான் மண்டபத்தில். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தைக்குத் துணையாகப் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து பேர் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அத்தையின் வெற்றிலைப் பை கீழே விழுந்தது. எடுக்கிறேன் என்று குனிந்த அத்தை அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. நாங்கள் நாலு பேர் ஓடினோம்.

“யாரும் தொடாதீங்க!” என்றாள் அவள். அத்தையிடம் போய்க் குனிந்து, எங்காவது வலிக்கிறதா என்று கேட்டாள். வலி இல்லை என்று தெரிந்ததும் எதிரில் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “வாங்கம்மா, ரெண்டு பேருமா சேந்து எந்திரிப்போம். மொதல்ல ஒருக்களிச்சுக்குங்க. முழங்கைய ஊனுங்க. இப்பக் கொழந்த மாதிரி நாலு கால்ல வாங்க, இந்த நாக்காலி வரைக்கும்.”

“கல்நெஞ்சுக்காரி, ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிருவ?” என்று அத்தை திட்டினார்.

“ராத்திரி வீட்டுல விழுந்தா என் கை அங்க இருக்காதுலா” என்றாள் அவள். அவளும் நாலு காலில்தான் இருந்தாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. அத்தை நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னால் ஊன்றி, எழுந்து நின்றார். மூச்சு வாங்கியது. சுற்றி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, திரும்பவும் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, “இன்னொரு தடவ பாக்குறேன்” என்றார். மண்டபமே கைதட்டியது. நான் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து இந்தக் கூத்தை அப்பாவிடம் சொன்னேன். இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று கேட்டுத்தான் சொன்னேன். அப்பா சாய்வு நாற்காலியில் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தப் பொண்ண இங்க ஒருக்கா வரச் சொல்லேன்” என்றார். ஆக, வினையை வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நானேதான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு அதன் குலை அறுத்தவர். தோட்டத்து லய வீடுகளை இடித்ததும் இந்தத் தாமானுக்கு வந்தோம். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை சேர்ந்துவிட்டது. ஆனால் அன்றோடு நான் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். எனக்குக் கல்யாணம் காட்சி கிடையாது, அம்மாவும் இல்லை. அப்பாதான் எனக்கு எல்லாம். பல் துலக்கப் பிரஷ்ஷில் பற்பசை வைத்துக் கட்டிலுக்கே கொண்டுபோவேன். உட்கார வைத்துக் குளிப்பாட்டுவேன். கைலியை நான்தான் கட்டிவிடுவேன். எழ வேண்டுமென்றால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். இரண்டு வருடம் அவர் தனியாக ஐந்து எட்டுக்கூட நடந்திருக்க மாட்டார். பசாரில் பார்க்கிறவர்கள் எல்லாம், “பெத்தா ஒன்னப்போல ஒரு மகளப் பெக்கணும்” என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பொங்கல் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்தாள். அன்றைக்கு ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் அப்பாவுக்குச் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்தபடி அறைக்கும் குசினிக்கும் கூடவே வந்தாள். எனக்கு அவள் சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி இருந்தது. பாராட்டப்போகிறாள் என்றும் உள்ளூர ஒரு நினைப்பு.

“ஐயா, கடைசியா எப்ப நீங்களா கோப்பி கலக்கினீங்க?” என்று கேட்டாள்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

சாமி மூலைக்கு வந்ததும் அவள் நின்றாள். சுவரில் உயரே நாலு ஆணி ஓட்டைகள். சட்டங்கள் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அப்பா விழுந்த பிறகு, அவர் உட்கார்ந்தபடியே பூ வைக்கட்டும் என்று படங்களை எல்லாம் நான் ஒரு குட்டை மேசைக்கு இறக்கியிருந்தேன். சாமியையே அப்பாவுக்காக இறக்கி வைத்த மகள் நான் என்று அதில் ஒரு பெருமை.

“மறுபடி மேல மாட்டிருங்கக்கா” என்றாள்.

“அவருக்கு எட்டாது.”

“முன்ன எப்படி எட்டுச்சு?”

“அப்ப எக்கி வைப்பாரு.”

“அதான். அந்த எக்குறதுதான் வேணும். தினமும் ஒரு தடவ எக்கிக்கிட்டு இருந்தவரு. ரெண்டு வருசமா எக்கல. காலுக்கு மறதி ஜாஸ்திக்கா, தினமும் ஞாபகப்படுத்தணும்.”

என் வீட்டில் எந்தச் சாமி எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல இவள் யார்? வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அப்பா, “சுத்தியல் எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

உடற்பயிற்சி என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தனியாக அதற்கொரு நேரம் ஒதுக்கவும் சொல்ல மாட்டாள். எப்படியும் பல் துலக்கத்தான் வேண்டும். அதைத் தொட்டியின் விளிம்பில் ஒரு கையை வைத்து, ஒற்றைக் காலில் நின்று துலக்குங்கள். எப்படியும் கோப்பி குடிக்க நாற்காலியில் உட்காரத்தான் போகிறீர்கள். உட்காரும் முன் பாதி உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துகொள்ளுங்கள், கையை ஊன்றாமல். சீனிப் பையைக் குசினியிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து குசினிக்கும் தூக்கிப் போங்கள். பூவை எக்கி வையுங்கள், சுவரில் ஒரு கை இருக்கட்டும். அவ்வளவுதான். இதற்கு ஒருத்தி சபாக்கிலிருந்து வர வேண்டுமா என்று நான் முணுமுணுப்பேன்.

ஆனால் அவள் அப்பாவிடம் பேச்சைப் பிடுங்கிய விதம் இருக்கிறதே, அது எனக்குக் கடைசி வரை வரவில்லை. ஒரு நாள், “தோட்டத்துல பாரிட்டத் தாண்ட என்ன பண்ணுவீங்க ஐயா?” என்று கேட்டாள். செம்பனைக்கு நடுவே ஓடும் பெரிய வாய்க்காலைத்தான் நாங்கள் பாரிட் என்போம். அப்பாவின் முகம் மாறியது. “ஒத்தப் பலகைதான். இந்த அகலம். அதுமேல குலைய எடுத்துக்கிட்டு நடப்போம். கீழ கறுப்புத் தண்ணி. வழுக்குனா வேல வாங்குற மண்டோருக்குச் சிரிப்பு, எங்களுக்குச் சேறு.” எப்படி நடந்தீர்கள் என்று காட்டுங்கள் என்றாள் அவள். தரையோட்டின் கோட்டைக் காட்டி, இதுதான் பலகை என்றாள். அப்பா எழுந்து, ஒரு பாதத்தின் நுனியில் மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து, சுவரோரமாகக் குசினி வரைக்கும் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குசினிக்குப் போவதற்குப் பேர் ‘பாரிட் தாண்டுறது’. அந்தப் பலகைக் கதையை அப்பா என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்று அவள் சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது.

இன்னொரு நாள், “ஐயாவுக்கு எங்க போகணும்னு ஆசை?” என்று கேட்டாள்.

“அவரு எங்கயும் போறதில்ல” என்றேன் நான், குசினியிலிருந்தே.

“முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கணும்” என்றார் அப்பா.

பழைய தோட்டத்தில் லயம் போய்விட்டது, முனியாண்டி போகவில்லை. செம்பனைக்கு நடுவே மூன்று உயரமான படி வைத்த சிமெண்டு மேடையில், கையில் அரிவாளோடு நிற்கிறார். ஆடியில் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருக்கும் பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். முதல் சுருட்டைப் பற்றவைத்து, எக்கி, முனியாண்டியின் வாயில் வைப்பது எங்கள் வீட்டு உரிமை. தாத்தா காலத்திலிருந்து வருவது. வைக்கிறவர் தனியாக ஏற வேண்டும். யாரும் பிடித்துக்கொண்டு ஏற்றக் கூடாது. பெண்கள் மேடையை மிதிக்கவே கூடாது. அப்பா விழுந்த பிறகு இரண்டு திருவிழாவுக்கும், அவருக்கு முடியாது என்று நானே கோயில் தலைவரிடம் சொல்லி வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்தேன். மூன்றாவது வருடமும் வராவிட்டால் உரிமையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது அப்பாவுக்குத் தெரியும் என்பதோ, அதை நினைத்து அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார் என்பதோ எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒரே கேள்வியில் தெரிந்துவிட்டது.

“மூணு படி, ஒரு எக்கு. ஆடிக்குள்ள பாத்துக்கலாம் ஐயா” என்றாள்.

இப்போது அந்தப் பெயர். அவள் புறப்படும்போது அப்பா வாசல் வரைக்கும், தானாகவே, நடந்து போனார். “பாத்துப் போ ஆத்தா, ரோட்டுல லோரி ஜாஸ்தி” என்றார்.

ஆத்தா.

சின்ன வயதிலிருந்து என்னைத்தான் அப்பா அப்படிக் கூப்பிடுவார். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அப்பா ஆத்தா என்பார். குசினியில் கரண்டியோடு நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது: அவர் விழுந்த நாளிலிருந்து என்னை அப்படிக் கூப்பிடவே இல்லை. “ஏம்மா”, “இங்க பாரு”, “கொஞ்சம் தூக்கு” என்பதோடு சரி. எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நின்றுபோனதைக் கவனிக்காதவள், அது இன்னொருத்திக்குப் போனதும் கவனித்தேன். வயிறு எரிந்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சின்னத்தனம்தான், மறைக்க என்ன இருக்கிறது. அவள் வரும் நாளில் அப்பா தானாகவே சவரம் செய்துகொள்வார். சவரக் கத்தியை ஒளித்து வைத்தேன். அவளுக்கு மட்டும் விளிம்பு உடைந்த கோப்பையில் கோப்பி கொடுத்தேன். உடைந்த பக்கத்தைத் திருப்பிவைத்து நிதானமாகக் குடித்துவிட்டு, “கோப்பி நல்லா இருக்குக்கா” என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து, அப்பா எக்குவதற்கு முன் நானே சாமிக்குப் பூவை வைத்துவிடுவேன். அப்பா அந்தப் பூவை எக்கி எடுத்து, கீழே வைத்து, மறுபடி எக்கி வைப்பார். இரண்டு எக்கு. அதை அவளிடமும் சொன்னார், இருவரும் சிரித்தார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கவனித்தேன். அப்பா எழும் முன்பே அவருக்குப் பின்னால் நாற்காலி வந்திருந்தது. அவர் எந்தப் பக்கம் சாய்வாரோ அந்தப் பக்கத்தில்தான் அவள் நின்றாள். ஒரு கால் எப்போதும் ஓர் அங்குலம் முன்னால் இருந்தது. கை பின்னால் இருந்தாலும் மற்றதெல்லாம் முன்னால்தான் இருந்தது. கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி வெங்காயத்தை நறுக்கினேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அப்பா, “நாளைக்கி அது வருமில்ல?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். நான் பின்வாசலுக்குப் போய் அவளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: ‘அப்பாவுக்கு இனிமே இதெல்லாம் வேண்டாமாம். வர வேண்டாம்.’

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் பதிவு ஒன்று வந்தது. “சரிக்கா. பூவ மட்டும் விட்டுறாதீங்க.”

அப்பாவிடம், அவளுக்கு வேறு ஊரில் வேலை அதிகமாம் என்றேன். செவ்வாயன்று சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளியன்றும். அடுத்த செவ்வாயன்றும். மூன்றாவது வாரம் சவரம் செய்யவில்லை. பல் துலக்க எழவில்லை. பிரஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பூவை நானே வைத்தேன், எடுத்து வைக்க யாரும் இல்லை. கைலியைக் கட்டிவிட நின்றேன், கைகளைத் தூக்கிக் காட்டினார். என் அப்பா எனக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்துவிட்டார். ஒரு வாரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு காலை நாற்காலியிலிருந்து எழ முயன்றார். முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். தொடை நடுங்கியது. அக்குளில் கை கொடுக்கப் போனேன். “விடு” என்றார். “ஆடிக்கு அவங்களுக்கே குடுத்துறச் சொல்லு.” சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எதை என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட அன்றுகூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் அத்தையை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, சபாக்குக்குக் காரை எடுத்தேன். வழியெல்லாம் வயல். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போனேன்.

அவள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் முதுகு தெரிந்தது. கட்டிலில் இருந்த வயதான ஓர் அம்மாவின் கழுத்துக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, அள்ளி, சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைகளை நான் சரியாகப் பார்த்தது அன்றுதான். விரல் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. அந்த அம்மாவின் கால்கள் இரண்டும் குச்சியாகத் தொங்கின.

“யாரு அது?” என்றார் அந்த அம்மா. குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

“கோலா சிலாங்கூர் ஐயா இருக்காருலம்மா, பாரிட் பலகை. அவரு மக.”

“ஓ, அந்தக் குடுத்து வச்ச மனுசன் மகளா? வா, வா. ஒங்கப்பா பேச்சுத்தான் இங்க. எக்குனாரு, ஏறுனாருன்னு. இவ ஊருல உள்ள கெழடுங்களுக்கெல்லாம் நடக்கச் சொல்லிக் குடுக்குறா. என்னய மட்டும் கட்டில்ல போட்டுட்டா.”

வயிற்றெரிச்சலில் என்னை மிஞ்சிய ஓர் ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் சேலையைச் சரிசெய்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

“ஒரே ஒரு தடவ விழுந்தாங்கக்கா. ஆஸ்பத்திரில இதே வேல பாத்தவ நான். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பயம். மறுபடி விழுந்துட்டா? வேலய விட்டுட்டு வந்து நானே ஊட்டினேன், நானே தூக்கினேன். எட்டு வருசம். எல்லாரும் என்னய மெச்சினாங்க.” கொடியில் கிடந்த அம்மாவின் துணியை எடுத்து மடித்தாள். “எங்கம்மா கால மறக்க வச்சது நாந்தான்.”

“அப்பா வேண்டாம்னு சொல்லல. நாந்தான் எழுதினேன். எனக்குப் பொறுக்கல” என்றேன்.

“தெரியும்க்கா. ஐயா அப்படிச் சொல்ற ஆளில்ல.”

“பின்ன ஏன் ஒரு போன்கூடப் பண்ணல?”

“வீட்டுல இருக்குறது நீங்க. ஒங்களத் தாண்டி வந்து நான் என்ன செஞ்சிர முடியும்? நான் வாரத்துல ரெண்டு மணி நேரம். மிச்சமெல்லாம் ஒங்க கையிலதானே இருக்காரு.”

திரும்பி வரும்படி கேட்டேன். அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது, இனி எங்கும் போவதாக இல்லை என்றாள். “நீங்களே செய்யுங்க” என்றாள். அந்த ‘நீங்களே’தான். இந்த முறை எனக்கு. “சொல்லிக் குடுக்குறதெல்லாம் ஈசிக்கா. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும் பாருங்க, அதான் உசிரு போயிரும். ஒவ்வொரு தடவையும் போகும்.”

கார் கதவு வரைக்கும் வந்தாள். பழக்கதோஷம், அப்போதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. மறு வருடம் அவள் அம்மா போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் ஜொகூர்ப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அவளுடைய எண்ணுக்கு இப்போது வேறு யாரோ பதில் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிரஷ்ஷு எங்க?” என்றார்.

ஆடிக்கு மூன்று மாதம்கூட இல்லை. முதலில் நாற்காலியிலிருந்து எழுவதே பெரும்பாடு. நான் சத்தம் போடுவேன், அவர் முறைப்பார். “அந்தப் பொண்ணு இப்படிக் கத்தாது” என்பார். “அந்தப் பொண்ணு வராது, என்னோடதான் ஆகணும்” என்பேன். பொறாமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது எங்களோடு தினமும் பாரிட் தாண்டியது. சமையலறை வாசற்படியில் ஏறி இறங்கினார், முதலில் கதவைப் பிடித்து, பிறகு விரல் நுனியால் தொட்டு, பிறகு தொடாமல். ஒரு முறை தள்ளாடி என் பக்கம் சாய்ந்தார். நாற்காலி பின்னால் இருந்தது, உட்கார்ந்துகொண்டார். என் கை நீளவில்லை. அன்றிரவு என் இரண்டு மணிக்கட்டிலும் என் நகமே பதிந்த அடையாளம் இருந்தது.

திருவிழாவன்று உறுமி மேளம் தூரத்திலேயே கேட்டது. அப்பா வெள்ளை வேட்டியைத் தானே கட்டிக்கொண்டிருந்தார், நின்றுகொண்டே. கோயில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரியவரு ஏறிருவாராம்மா? இல்லாட்டி இப்பவே சொல்லிரு, ஆள் தயாரா இருக்கு” என்றார். “ஏறுவாரு” என்றேன்.

மேடைக்கு முன்னால் கூட்டம் வழி விட்டது. நான் முதல் படிக்குக் கீழே, அவர் சாயும் இடது பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அப்பா சுருட்டைப் பற்றவைத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டார். செருப்பில்லாத பாதத்தை முதல் படியில் வைத்தார். அழுத்தினார். மறு பாதம் வந்து சேர்ந்தது. மேளம் வேகம் பிடித்தது. இரண்டாவது படியில் பாதத்தை வைத்து உடம்பைத் தூக்கும்போது தொடை நடுங்கியது. உடம்பு என் பக்கமாக ஒரு சாய் சாய்ந்தது. யாரோ “ஐயோ” என்றார்கள். என் கை எனக்குத் தெரியாமலே நீண்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் போய்விட்டது.

அப்பா திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

“கைய எடு, ஆத்தா.”

எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சொல்லை. அது அவளிடமிருந்து எனக்குத் திரும்பி வந்திருந்தது, கையை எடுத்தால்தான் உனக்கு என்ற நிபந்தனையோடு. எடுத்தேன். இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா மூன்றாவது படியில் ஏறினார். முனியாண்டியின் முன்னால் நின்று, மூச்சை இழுத்து, எக்கினார்.